முருகேஷ் வாயைத் திறந்தார்

எட்டு நாட்களாகச் சஷ்டிகா தன் அப்பாவோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் ஊமையாக இருந்தாள் என்று அர்த்தமில்லை. அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொன்னாள். அப்பா அதே மேசையில் எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாலும் அப்படித்தான்.

“அம்மா, அவுங்கள வண்டிச் சாவி எடுக்கச் சொல்லுங்க. எட்டு மணிக்கு கிரவுண்டுல இருக்கோணும்.”

சத்யப்பிரியா தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே, “ஏனுங்க, சாவி எடுப்பீங்களாமா,” என்றாள்.

“எடுத்துட்டேன்னு சொல்லு அம்மணி,” என்றார் முருகேஷ்.

“எடுத்துட்டாராமா கண்ணு.”

பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் பாட்டு டீச்சர் ஒரு சொல் சொன்னார் என்று பாட்டை விட்டவள் அவள். அந்த ஆர்மோனியப் பெட்டி இன்னும் அலமாரி மேலே தூசி தின்றுகொண்டிருக்கிறது.

போன ஞாயிறு நடந்தது இதுதான். நல்லூரில் முப்பது மிஷின் போட்டுப் பனியன் கம்பெனி நடத்தும் முருகேஷ் நல்ல மனிதர். ஆடி மாதம் பிறந்தால் சிவன்மலைக்கு நடந்தே போவார். வேலைக்கு நிற்கும் சின்னப் பெண்ணைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மகள் சாஃப்ட்பால் ஆடும் மைதானத்தின் கம்பிவேலியைக் கையில் பிடித்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

அரையிறுதியில் எதிரணிப் பெண் ஒருத்தி, ஓடும்போது மிதித்தே ஆக வேண்டிய இரண்டாம் பேஸை மிதிக்காமலே தாண்டி ஓடினாள். முருகேஷ் பார்த்துவிட்டார். அம்பயர் ஒன்றும் சொல்லவில்லை.

“கண்ணு என்ன பொடனிலயா இருக்குது? நாளைக்குக் கம்பெனிக்கு வருவ இல்ல, அங்க வச்சுப் பேசிக்கறேன்!” என்று கத்தினார். மருந்துக்குக்கூட ஒரு ‘ங்க’ இல்லை. மைதானமே திரும்பிப் பார்த்தது.

அம்பயர் வேறு யாருமில்லை, ரோஸ்மேரி. வாரத்தில் ஆறு நாள் அதே முருகேஷின் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். தூத்துக்குடிப் பக்கமிருந்து பதினாறு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு வந்தவர். பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் ஆடியவர் என்பதால், சனிக்கிழமை மாலையே சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயராக நிற்பார்.

செக்கிங் டேபிளில் ரோஸ்மேரியின் வழக்கம் கம்பெனி முழுக்கப் பிரசித்தம். துணியில் கறையோ ஓட்டையோ கண்டால் கத்த மாட்டார். அதன்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். தைத்தவர் தானாகவே வந்து, குனிந்து பார்த்து, “ஐயோ, ஆமாங்கக்கா” என்று சொல்லும்வரை அந்த விரல் எடுபடாது. அந்தக் கண்களை நம்பித்தான் முருகேஷ் பெட்டியை ஒட்டி அனுப்புவார். அந்தக் கண்களைத்தான் ஊர் முன்னால் பிடரிக்கு அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சஷ்டிகா கடைசியாகப் பேசினாள்.

“பேஸ மிதிக்கலீன்னா அம்பயர் தானாச் சொல்லக் கூடாதுங்கப்பா. எதிர் டீம் கேக்கோணும். கேட்டாத்தான் அவுட். நம்ம கோச் மாஸ்டர் கவனிக்கல, கேக்கல. அவங்க மேல என்ன தப்பு? ரூலும் தெரியாம, வேலையச் சொல்லி வேற மிரட்டுனீங்க. இனியொருக்கா கிரவுண்டுல உங்க சத்தம் கேட்டுச்சுன்னா, நான் கிளவ்ஸக் கழட்டி வச்சுருவேன். அதோட சாஃப்ட்பாலே வேண்டாம்.”

முருகேஷ் நம்பவில்லை. மகளின் ரூல் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டார். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான் போனார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து ரோஸ்மேரி வேலைக்கு வரவில்லை. போன் அடித்தால், “ஒடம்புக்கு முடியல சார்” என்று ஒரு வரி. வியாழக்கிழமை ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு அவர் குடியிருக்கும் தெரு வரைக்கும் போனார் முருகேஷ். தெருமுனையில் பத்து நிமிடம் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தார். அந்த ஆப்பிளை மூன்று நாளாக வீட்டில் தின்றுகொண்டிருக்கிறார்கள். ஏது என்று சத்யப்பிரியா கேட்கவில்லை.

இன்று இறுதி ஆட்டம். அதற்கும் ரோஸ்மேரிதான் அம்பயர்.

கிளம்பும்போது முருகேஷ் பூஜை அறையில் நின்று, ஆட்டம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். சத்யப்பிரியா ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

“என்னது?”

“கம்மர்கட்டுங்க. பல்லுல ஒட்டிக்கிச்சுன்னா கால் மணி நேரம் வாயத் தொறக்க முடியாது. சாமி மேல பாரத்தப் போட்டாலும், நம்ம பக்கமும் ஒண்ணு போட்டுக்கறது நல்லதுங்க.”

மைதானத்தில் ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போனது. பனியன் வேஸ்ட் துணியை அடைத்துத் தைத்த பேஸ் மூட்டைகளையே அது அசைத்துப் பார்த்தது. ஒவ்வொரு பந்துக்கும், அடிப்பவர் முன்னால் தரையில் பதித்த வெள்ளைப் பலகையான ஹோம் பிளேட் மீது மண் படிந்தது. ரோஸ்மேரி ஒவ்வொரு முறையும் குனிந்து, இடுப்பிலிருந்த பிரஷ்ஷை எடுத்து அதைத் துடைத்தார். வேலிப் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை.

எதிரணி அருள்புரம். அதன் மேனேஜர் மாரிச்செல்வம், அங்கே ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். விருதுநகர்க்காரர். அவர் மகள் ஜோதிகாதான் பிளேட்டுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்ச்சர். முருகேஷைக் கண்டதும் மாரிச்செல்வம் சிரித்தார்.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்குத் தொண்டைய நல்லா நனச்சிட்டு வந்திருக்கியளா?”

முருகேஷ் கம்மர்கட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான் பதில்.

முதல் இன்னிங்ஸில் ஒரு கம்மர்கட்டு தீர்ந்தது, இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் சஷ்டிகா வீசிய பந்து நல்ல பந்து என்று வேலியோரம் அத்தனை பேரும் நினைக்க, ரோஸ்மேரி ‘பால்’, அதாவது தப்புப் பந்து, என்றார். முருகேஷின் வாயில் ‘கடக்’ என்று சத்தம் கேட்டது. பல்லா, கம்மர்கட்டா என்று சத்யப்பிரியா எட்டிப் பார்த்தாள். கம்மர்கட்டுதான்.

பக்கத்தில் நின்ற நாச்சிமுத்துவுக்கே பொறுக்கவில்லை. அவர் பெண்ணும் நல்லூர் அணியில் ஆடுகிறாள். “ஏனுங்க முருகேஷ், ஒண்ணும் கேக்கமாட்டீங்களா? ஒடம்புக்கு என்னாச்சுங்க?”

“விரதமுங்க,” என்றாள் சத்யப்பிரியா.

“எதுக்கு?”

“வாய்க்கு.”

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. முருகேஷ் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துத் தானே கத்தத் தொடங்கினார்.

வாயை மூடிக்கொண்டு பார்த்ததில் முருகேஷுக்கு ஒன்று தெரிந்தது. இத்தனை நாள் அவர் ஆட்டத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. சஷ்டிகா ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் பெருவிரலைத் தொப்பி நுனியில் தேய்த்துக்கொள்கிறாள். ஜோதிகா நன்றாக அடித்தால் இவள் கிளவ்ஸைத் தட்டுகிறாள். இவள் ஸ்ட்ரைக் எடுத்தால் அவள் நாக்கைத் துருத்திக் காட்டிச் சிரிக்கிறாள். உள்ளே இருக்கிற குழந்தைகளுக்குள் ஒரு சண்டையும் இல்லை. சண்டையெல்லாம் வேலிக்கு வெளியேதான்.

ஏழாவது இன்னிங்ஸ், கடைசி இன்னிங்ஸ். நாலுக்கு நாலு. நல்லூர் பேட்டிங். இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் சஷ்டிகா நிற்கிறாள். அவள் ஓடி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால் கோப்பை நல்லூருக்கு.

நாச்சிமுத்துவின் பெண் அடித்தாள். பந்து காற்றோடு போய் நெடுந்தூரத்தில் விழுந்தது. சஷ்டிகா ஓடினாள். பந்தும் திரும்பி வந்தது. ஜோதிகா அதைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தாள். சஷ்டிகா வளைந்து, சரிந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் விழுந்தாள். பந்து இருந்த ஜோதிகாவின் கை பட்டிருந்தால் அவுட், ஆனால் அது அவள் மேல் படவில்லை.

“சேஃப்!” ரோஸ்மேரி இரண்டு கைகளையும் விரித்தார்.

நல்லூர்ப் பக்கம் சத்தத்தில் வானம் கிழிந்தது. பெண்கள் ஓடிவந்து சஷ்டிகா மேல் விழுந்தார்கள். நாச்சிமுத்து யாரென்று பார்க்காமல் கட்டிப்பிடித்தார். சத்யப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முருகேஷ் மட்டும் குதிக்கவில்லை.

அவர் நின்றிருந்தது பிளேட்டுக்கு நேர் எதிரே. புழுதி அடங்கியதும் பார்த்தார். சஷ்டிகா சரிந்து போன தடம் பிளேட்டுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. பிளேட் துடைத்து வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. அதில் ஒரு மண் கோடு கூட விழவில்லை.

கண் தப்பாகப் பார்த்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்து பார்த்தார். அப்புறம் ரோஸ்மேரியைப் பார்த்தார்.

காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் பிளேட்டைத் துடைத்த ரோஸ்மேரி இப்போது துடைக்கவில்லை. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, பிளேட் பக்கத்திலேயே நின்றிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. போகவும் இல்லை.

அவர் நிற்கும் அந்த விதம் முருகேஷுக்கு அத்துப்படி. பதினாறு வருடம் செக்கிங் டேபிளில் பார்த்தது. விரல் வைத்தாகிவிட்டது. யாராவது வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் யாரும் பார்க்கவில்லை. ஜோதிகா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு அழுதாள். மாரிச்செல்வம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, வாங்க பிள்ளைகளா, போவோம்” என்று கைகாட்டினார். எதிரணி மைதானத்தை விட்டு வெளியே போகிறவரைதான் கேட்க முடியும். பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு படித்த பாடம் அது, மறக்குமா?

கம்மென்று இருந்தால் கோப்பை. கம்மென்று இருந்தால் முருகனுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். கம்மென்று இருந்தால் மகள் கிளவ்ஸைக் கழற்ற மாட்டாள், நாளைக்கே ‘அப்பா’ என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். வாயைத் திறந்தால் அத்தனையும் போச்சு.

ஆனால் போன வாரம் அடுத்தவர் பெண் மிதிக்கவில்லை என்று ஊரைக் கூட்டிய வாய் இது. இன்று தன் பெண் என்றதும் மூடிக்கொண்டால், அப்புறம் எந்த முகத்தோடு அந்தச் செக்கிங் டேபிள் பக்கம் போவது?

அருள்புரத்துப் பெண்களில் ஒருத்தி மைதான எல்லையின் வெள்ளைக் கோட்டை நெருங்கிவிட்டாள்.

முருகேஷ் விரலை வாய்க்குள் விட்டுக் கம்மர்கட்டைப் பிய்த்து எடுத்தார்.

“மாரிச்செல்வம்! நிறுத்துங்க! பிள்ளைகள நிறுத்துங்க! என்ற பாப்பா பிளேட்டத் தொடலீங்க!”

சஷ்டிகா மேல் விழுந்து கிடந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மாரிச்செல்வம் வேலிப் பக்கம் வந்தார். “என்ன அண்ணாச்சி, தோத்தவன்ட்ட கேலி பண்ணுதியளா?”

“சத்தியமுங்க. ஒரு சாண் தள்ளிப் போயிருக்குது, பாருங்க. அம்பயர் தானாச் சொல்ல முடியாதுங்க, நீங்க கேக்கோணும். வெளிய போயிட்டா கேக்க முடியாது. சீக்கிரமுங்க!”

மாரிச்செல்வம் அவரைப் பார்த்தார். பிளேட்டைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உயிர் வந்தது.

“ஏளா ஜோதிகா! அழாத! பந்தோட போயி பிளேட்ட மிதி! மிதிச்சிட்டுக் கேளு!”

ஜோதிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் மிதித்தாள். “அக்கா, இவ பிளேட்டத் தொடல.”

ரோஸ்மேரி அதற்காகவே காத்திருந்தவர் போல வலது கையை மடக்கி உயர்த்தினார். “அவுட்!”

“ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?” நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். “ஜெயிச்ச மேட்ச்சுங்க! நீங்க யாரு பக்கமுங்க?”

முருகேஷுக்கு அது காதில் விழவில்லை. அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தம் கேட்டபோதே சஷ்டிகா திரும்பிவிட்டாள். முழங்கால் முழுக்க மண். தலையிலிருந்த ஹெல்மெட்டை மெதுவாகக் கழற்றினாள். அவ்வளவுதான், ஆர்மோனியப் பெட்டிக்குத் துணை வந்துவிட்டது என்று நினைத்தார் முருகேஷ். அவளைக் குறை சொல்ல முடியாது, முன்னாலேயே சொன்னாள்.

சஷ்டிகா பிளேட்டைப் பார்த்தாள். தன் தடத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்குப் போய்க் கிளவ்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, நாலுக்கு நாலு என்றே நின்றதால் வந்த எட்டாவது இன்னிங்ஸுக்குப் பந்து வீசப் போய்விட்டாள்.

“சிவன்மலையானுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?” என்று மெல்லக் கேட்டாள் சத்யப்பிரியா.

“அவரும் பாத்துட்டுத்தான அம்மணி இருந்தாரு.”

சத்யப்பிரியா சேலைத் தலைப்பை எடுத்து, அவர் கையில் ஒட்டியிருந்த கம்மர்கட்டைத் துடைத்துவிட்டாள். வீட்டில் எட்டு நாளாகத் தூது போனவளுக்கு, இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் அன்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

எட்டாவதில் சஷ்டிகா வீசிய பந்தை ஜோதிகா விளாசினாள். ஐந்துக்கு நாலு. நல்லூர்ப் பெண்களால் அந்த ஒரு ரன்னைத் திருப்ப முடியவில்லை. கோப்பை அருள்புரத்துக்குப் போனது. பேருக்குக் கைதட்டவில்லை முருகேஷ். உள்ளே வலித்தாலும் உள்ளங்கை சிவக்கத் தட்டினார். நாச்சிமுத்து முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் தட்டினார்.

பெண்கள் வரிசையில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். முருகேஷ் வேலியைச் சுற்றிக்கொண்டு நேராக ரோஸ்மேரியிடம் போனார். போன வாரம் எவ்வளவு சத்தமாகப் பேசினாரோ அதே சத்தத்தில் பேசினார். தப்பை ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு மன்னிப்பைக் காதோடு சொல்வது நியாயமில்லை என்பது அவர் கணக்கு.

“ஏனுங்க ரோஸ்மேரி. போன வாரம் நான் பேசுனது தப்புங்க. ரூல் தெரியாமப் பேசுனது ஒரு தப்பு. கம்பெனிய இழுத்தது அதவிடப் பெரிய தப்பு. அங்க நான் மொதலாளியா இருந்தா இருந்துட்டுப் போறேன், இங்க நீங்கதான் அம்பயருங்க. எல்லாத்து முன்னாலயும் பேசுனேன். எல்லாத்து முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க.”

ரோஸ்மேரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நீங்க சொல்லலைன்னா சேஃப்னே விட்டிருப்பேன் சார். எனக்கு வேற வழி கெடயாது.”

“தெரியுமுங்க. பிரஷ்ஷ வச்சுட்டு நின்னீங்களே.”

ரோஸ்மேரி சட்டென்று சிரித்துவிட்டார். “அதக் கண்டுபிடிச்சிட்டியளா!”

அந்தச் சிரிப்பைக் கண்டதும் முருகேஷுக்கு எட்டு நாள் பாரமும் இறங்கிற்று. இறங்கிய வேகத்தில் அவசரமும் வந்துவிட்டது. “அப்ப நாளைக்கு வந்துருவீங்கல்லங்க? புதன்கிழமை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேற இருக்குது...”

அந்த நேரம் பார்த்துக் கோப்பையும் கையுமாக வந்து சேர்ந்தார் மாரிச்செல்வம். முருகேஷின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அண்ணாச்சி, உம்ம மாதிரி மனுசன நான் பாத்ததில்ல. இந்தக் கோப்பையில பாதி உங்களுக்குத்தான். இனிமே நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அதான் ரோஸ்மேரி அக்காவும் நாளையிலேருந்து எங்க கம்பெனிக்கு வாராவளே, அடிக்கடி பாத்துக்கிடலாம்!”

சொன்ன பிறகுதான் மாரிச்செல்வத்துக்கு எதிரே இருந்த இரண்டு முகமும் கண்ணில் பட்டன. கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

ரோஸ்மேரி கீழே பார்த்தார்.

முருகேஷ் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றா, பதினாறு வருடத்தை மறந்துவிட்டீர்களா என்றா, அவருக்கே தெரியாது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. மண் படிந்த சின்னக் கை. உள்ளங்கையில், அம்மாவின் பொட்டலத்திலிருந்து எடுத்த ஒரு கம்மர்கட்டு.

“அப்பா,” என்றாள் சஷ்டிகா. “இத வாயில போட்டுக்குங்க. அவுங்க யோசிச்சுச் சொல்லட்டும்.”

எட்டு நாள் கழித்துக் கேட்ட ‘அப்பா’. முருகேஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுபேச்சில்லாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ரோஸ்மேரி அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, ஆட்டம் முடிந்துபோன பிளேட்டைப் பிரஷ்ஷால் துடைக்கத் தொடங்கினார். அப்பாவும் மகளும் மாரிச்செல்வமும் காத்திருந்தார்கள்.